தூதரகம் இல்லாத நாடும் செய்யாற்று ஷூவும்

தூதர் என்றதும் நமக்கு டில்லியும் கோட்டு சூட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ் வணிகருக்கு இந்த வேலை புதிதல்ல. சுமத்ராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை விட்டுச் சென்றவர்கள் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகக் குழுவினர். மன்னரின் தூதுக்குழு வந்து போகும். கடை போட்டவன் அங்கேயே இருந்து உறவை வளர்ப்பான்.

அதே கதை, திசை மாறி, நம்ம திருவண்ணாமலை மாவட்டத்திலும் நடந்திருக்கிறது.

1949 டிசம்பர் 30-ல் இந்தியா மக்கள் சீனத்தை அங்கீகரித்தது. அதிலிருந்து இன்று வரை தைவானோடு நமக்கு முறைப்படியான தூதரக உறவு கிடையாது. 1995-ல் தைபேயில் 'இந்தியா-தைபே சங்கம்' வந்தது; டில்லியில் தைவான்காரர்கள் 'பொருளாதார, பண்பாட்டு மையம்' திறந்தார்கள். பெயரில்தான் தூதரகம் இல்லை! 2002-ல் முதலீட்டு ஒப்பந்தமும் ஆயிற்று.

தாளில் இருந்த அந்த உறவு நம் மண்ணுக்கு வந்தது 2006-ஐ ஒட்டி. 1971-ல் தைவானில் தொடங்கிய ஃபெங் டே நிறுவனம், செய்யாறு சிப்காட்டில் 'லோட்டஸ் ஃபுட்வேர்' என்ற பெயரில் நைக்கி ஷூ தைக்க ஆரம்பித்தது. வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள்.

ஆலை வேலை தெரிந்த என்ஜினீயராகச் சொல்கிறேன். வெளிநாட்டு ஆலை என்றால் இயந்திரம் மட்டும் வந்தால் போதாது. அதை நிறுத்தி ஓட்டிக் காட்டும் ஆளுக்கு விசா வேண்டும், சுங்கம் கடக்க வேண்டும், மின்சாரம், வரி எல்லாம் பேச வேண்டும். இப்படிப் பேசிப் பேசியே இரண்டு அரசுகளும் பழகுகின்றன. 2011-ல் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம். 2012-ல் சென்னையிலேயே தைவான் அலுவலகம். ஆலை முன்னே, அலுவலகம் பின்னே!

ஆனால் இந்தப் பேச்சில் நிலத்துக்காரனுக்கு நாற்காலி உண்டா? 2023-ல் சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் தர மாட்டோம் என்று மேல்மா பகுதி விவசாயிகள் போராடினார்கள். ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மீதான நடவடிக்கையை அரசு விலக்கிக்கொண்டது. கடல் கடந்து வருபவரோடு பொறுமையாகப் பேசத் தெரிந்த நமக்கு, பக்கத்து ஊர்க்காரரோடு பேசத் தெரியவில்லையே!

தம்பிகளே, தங்கைகளே! நாளைக்கு இப்படிப்பட்ட ஆலைகளில் நீங்கள் என்ஜினீயராகவோ, மேலாளராகவோ, ஏன், கலெக்டராகவோகூட உட்காரலாம். தைவான்காரருக்கு நம் ஊரை விளக்குங்கள். நம் ஊராருக்கு ஒப்பந்தத்தை விளக்குங்கள். இரண்டும் தூதுதான். இரண்டாவதுக்குத்தான் ஆள் பற்றாக்குறை.