வைஃபையில் வந்த கண் டாக்டர்

ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கம்பியில்லாமல் இணைத்த வரலாற்றைத் தேடிப் போனால் முதலில் 1947-ல் போய் நிற்போம். அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர் என்பவர் இதயத் துடிப்பை ரேடியோவில் அனுப்பும் கருவியை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தார். எடை சுமார் 38 கிலோ! இன்னிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற 'ஹோல்டர் டெஸ்ட்' அவர் பேர்தான்.

அடுத்த முக்கியமான வருஷம் 1998. டாலஸ் நகரில் ஒரு டிவி நிலையம் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்தபோது, பக்கத்து ஆஸ்பத்திரியின் இதயக் கண்காணிப்புக் கருவிகள் தடுமாறின. 2000-ல் அமெரிக்க அரசு மருத்துவக் கருவிகளுக்கென்று தனி அலைவரிசைகளை ஒதுக்கியது.

நம்ம ஊர்க் கதை நேர் எதிர். 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் குழுவும் சேர்ந்து, சுற்று வட்டார ஊர்களின் சிறு கண் மையங்களை வைஃபையில் இணைத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் தேனியில் உட்கார்ந்தபடி வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். படம் உறைந்துபோனால் அந்த நோயாளி பஸ் ஏற வேண்டியதுதான். ஒருநாள் கூலியும் போச்சு.

சிக்கல் தூரத்தில் இருந்தது. வைஃபை ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு, 'வந்துச்சு' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். நேரத்துக்குள் பதில் வரலைன்னா தொலைந்ததாக நினைத்துத் திரும்ப அனுப்பும். வீடு, ஆபீஸ் தூரத்துக்குச் செய்த ஏற்பாடு அது. அந்தக் கால வைஃபை எண்ணிய நேர அலகே 20 மைக்ரோ விநாடி. நம்ம மலைக்கோட்டையிலிருந்து காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் நேர்க்கோட்டில் மூணு கிலோமீட்டருக்கு மேல். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அலை போய்த் திரும்பவே 20 மைக்ரோ விநாடி தாண்டிவிடுகிறது. 15 கிலோமீட்டர் என்றால் 100!

ரபின் பட்ரா, லக்ஷ்மிநாராயணன் சுப்ரமணியன் உள்ளிட்ட குழுவினர் 2007-ல் வெளியிட்ட 'வைல்ட்நெட்' கட்டுரை இதற்குத் தீர்வு சொன்னது. இரண்டு முனைகளும் முறை வைத்துப் பேச வேண்டும். பதில்களை மொத்தமாக அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். கருவி அதே மலிவான வைஃபை அட்டைதான், மாறியது மென்பொருள் மட்டும். வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது.

ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்த வருஷக் கட்டுரை. சோதனைத் திட்டம் முடிந்தபின் இணைப்பை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் விஷயம். அலையோ தூரமோ பெரிய எதிரி இல்லையாம், கரண்ட்தான்! வோல்டேஜ் எகிறியதில் ரூட்டர் போர்டுகள் எரிந்தன, மெமரி கார்டுகள் கெட்டன. பேட்டரி இறங்கும்போது ரூட்டர் பாதி உயிரில் தொங்காமல் முழுசாக அணைய ஒரு சின்ன சர்க்யூட் சேர்த்தார்கள். உள்ளூர் ஊழியர்களுக்குப் பழுது பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார்கள்.