பெற்றோரும் பள்ளியும்: மாண்டிசோரி அம்மையார் காட்டிய வழி

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். உயர்கல்வி பற்றியும் வேலைவாய்ப்புப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். ஆதலின், பிள்ளை பள்ளிக்கு வருமுன்னரே தொடங்கிவிடும் கல்வியைப் பற்றியும், அதில் தாய் தந்தையர்க்கு உரிய பங்கைப் பற்றியும் எழுத முற்பட்டேன்.

"மாண்டிசோரி" என்னும் சொல்லை இன்று நகரங்களில் பெயர்ப் பலகைகளில் காண்கிறோம். பெரும்பாலும் அவை கட்டணம் மிகுந்த பள்ளிகள். எனவே, அது பொருள் படைத்தோர்க்குரிய கல்வி, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம்மவர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். வேறு சிலர் அப்பெயருக்காகவே வட்டிக்குக் கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்து, இரண்டாம் ஆண்டில் கட்டணம் செலுத்த இயலாது தவிக்கின்றனர். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இவ்விரு சாராரும் உண்மையை அறியாதவர் என்பது புலனாகும். அக்கல்வி தோன்றிய இடம் செல்வர் மாளிகை அன்று. கூலித் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்பு ஆகும்.

உரோம் நகரின் ஏழைத் தெரு

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலியில் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த அந்நாளில், 1896-இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணியில் முதலில் ஈடுபட்டார். பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான இதார், செகான் ஆகியோரின் வழிகளைப் பின்பற்றி, கையால் தொட்டும் கண்ணால் ஒப்பிட்டும் கற்கும் கருவிகளைப் படைத்தார். அப்பிள்ளைகளுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளோடு தேர்வெழுதித் தேறினர். அனைவரும் அவரைப் பாராட்டினர். அவரோ, "இப்பிள்ளைகள் இவ்வளவு முன்னேற முடியுமானால், குறையேதும் இல்லாத பிள்ளைகளைத் தாழ்நிலையிலேயே நிறுத்தி வைத்திருப்பது எது?" என்று சிந்திக்கலானார். "இவர்களுக்கு இவ்வளவுதான் வரும்" என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த நமக்கு இக்கேள்வியின் பொருள் எளிதில் விளங்கும்.

அந்நாளில் உரோம் நகரில் சான் லொரன்ஸோ என்றொரு பகுதி இருந்தது. வீடு கட்டும் தொழில் நொடித்துப் போனமையால் அரைகுறையாய் நின்ற அடுக்குக் கட்டடங்களில் ஏழை மக்கள் நெருக்கியடித்துக் குடியிருந்தனர். ஒரு நிறுவனம் அக்கட்டடங்களை வாங்கிச் செப்பனிட்டுக் குறைந்த வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயது எய்தாத பிள்ளைகள் படிக்கட்டுகளிலும் கூடங்களிலும் திரிந்து சுவர்களைப் பாழ்படுத்தினர். செப்பனிடுவதற்கு ஆகும் பணத்தைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியே நடத்தலாம் என்று அந்நிறுவனத்தின் பொறுப்பாளரான எடுவார்டோ தலாமோ கருதி, மாண்டிசோரி அம்மையாரை அணுகினார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ஏறத்தாழ 50 பிள்ளைகளுடன் முதல் "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பெற்றது. இன்று உலகெங்கும் பரவியுள்ள மாண்டிசோரிக் கல்வியின் பிறப்பிடம் இதுவே.

பெற்றோர்க்கென வகுத்த விதிகள்

அவ்வில்லத்திற்கென வகுக்கப்பட்ட விதிகளை அம்மையார் 1909-இல் வெளியிட்ட தம் நூலில் தந்துள்ளார். பெற்றோர் கட்டணம் ஏதும் செலுத்த வேண்டுவதில்லை. ஆனால் பிள்ளைகளை உரிய நேரத்தில், உடலும் உடையும் தூய்மையாக அனுப்ப வேண்டும். ஆசிரியையிடம் மதிப்புடன் நடந்து, பிள்ளை வளர்ப்பில் அவரோடு ஒத்துழைக்க வேண்டும். வாரம் ஒரு முறையேனும் தாய்மார் ஆசிரியையைக் கண்டு, வீட்டில் பிள்ளை நடந்துகொள்ளும் முறையைக் கூறி, அவருடைய அறிவுரையையும் கேட்கலாம். தூய்மையின்றி வரும் பிள்ளை நீக்கப்படும்.

இக்கடைசி விதியை முதன்முதல் படித்தபோது என் நெஞ்சம் உறுத்தியது. தூய்மை என்னும் சொல்லைச் சொல்லித்தானே நம் முன்னோரைக் கோயில், குளம், திண்ணைப் பள்ளிக்கூடம் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைத்தனர்! அத்துடன் என் தவறு ஒன்றும் நினைவுக்கு வந்தது. தலைமையாசிரியர் பொறுப்பேற்ற முதலாண்டில், அழுக்குச் சீருடையுடன் வந்த சிறுவன் ஒருவனை வீட்டிற்குத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலை அவனுடைய பாட்டி, ஈரம் உலராத சட்டையை அவனுக்கு அணிவித்து அழைத்து வந்தார். "ஐயா, ஒரே சட்டைதான் இருக்குது. எங்க தெருக் குழாயில ரெண்டு நாளாத் தண்ணி வரல. நேத்து ராத்திரி வயக்காட்டுக் கிணத்துல போயி அலசிக்கிட்டு வந்தேன்" என்றார். நான் பிறந்து வளர்ந்த தெருவும் அத்தகையதே. இருந்தும் நாற்காலியில் அமர்ந்ததும் அதனை மறந்துவிட்டேன்.

பின்னர் அந்நூலைப் பொறுமையாகப் படித்தபோது அவ்விதியின் மறுபக்கமும் புலப்பட்டது. சான் லொரன்ஸோவில் விதி முதலில் வரவில்லை. முதலில் வீடுகள் செப்பனிடப்பட்டன. காற்றும் வெளிச்சமும் வர வழி செய்யப்பட்டது. அதன் பின்னரே பெற்றோரிடம் கடமை கேட்கப்பட்டது. மேலும், ஆசிரியைக்கும் கடமை விதிக்கப்பட்டது. அவர் அதே கட்டடத்தில், அம்மக்களிடையே குடியிருக்க வேண்டும். தாய்மார் எப்போது நாடினும் அவர்களுக்கு உதவ வேண்டும். பெற்றோரிடம் மட்டும் ஒழுங்கை எதிர்பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேளாத பள்ளி, அவ்விதியின் பாதியையே கடைப்பிடிக்கிறது எனலாம்.

இன்னொரு செய்தி நாம் பொன்னேபோல் போற்றத் தக்கது. அவ்வில்லம் பெற்றோரின் பொதுச் சொத்து என்கிறார் அம்மையார். அவர்கள் செலுத்தும் வாடகையின் ஒரு பகுதியைக் கொண்டே அது நடைபெற்றது. எனவே தாய்மார் எந்த நேரத்திலும் உள்ளே வந்து பிள்ளைகள் கற்பதைப் பார்க்கலாம். நம் அரசுப் பள்ளியும் அத்தகையதே அன்றோ? தீப்பெட்டி முதல் மண்ணெண்ணெய் வரை நாம் வாங்கும் பொருள்களின் வழியாகச் செலுத்தும் வரியும் அதில் அடங்கியுள்ளது. ஆயினும் நம் பெற்றோர் வாயிலோடு நின்றுவிடுகின்றனர். 1970-களில் நான் தொடக்கப் பள்ளியில் பயின்றபோது, என்னைக் காண வரும் என் தாய், சுற்றுச்சுவருக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்பார். ஒருவரும் அவரை உள்ளே அழைத்ததில்லை. உள்ளே வரலாம் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் செய்த புரட்சி

"எங்களுக்குப் படிப்பில்லை, பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்லித் தருவது?" என்று கேட்கும் பெற்றோர் பின்வரும் வரலாற்றை அறிதல் வேண்டும். ஆறு வயதிற்கு முன் எழுத்துக் கற்பித்தல் கூடாது என்பதே அந்நாளைய பொதுக் கருத்து. அம்மையாரும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணியிருந்தார். ஆனால் சான் லொரன்ஸோவின் தாய்மார் சிலர் அவரிடம் வந்து, தம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர வேண்டினர். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர்கள். அம்மையார் முதலில் தயங்கினார். தாய்மாரோ விடவில்லை. அதன் பின்னரே அவர் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளைகள் விரலால் தடவி உணருமாறு செய்தார்.

1907-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், மொட்டை மாடியில் அமர்ந்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியின் படத்தை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் திடீரெனச் சொற்களை எழுதத் தொடங்கினான். அதைக் கண்ட மற்றப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக எழுதலாயினர். வீட்டிற்குச் சென்றும் தரையிலும் ரொட்டியின் மேற்புறத்திலும்கூட எழுதினர். தாய்மார் வேறு வழியின்றித் தாளும் எழுதுகோலும் வாங்கிக் கொடுத்தனர். இவ்வாறு மாண்டிசோரிக் கல்வியில் எழுத்து இடம்பெற்றமைக்கு எழுத்தறியாத் தாய்மாரின் வேண்டுகோளே தூண்டுகோலாயிற்று.

நம் மண்ணில் மாண்டிசோரி

1931-இல் இலண்டனில் காந்தியடிகள் அம்மையாரின் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றியபோது, இக்கல்வி செல்வர் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டும் என்ற விருப்பத்தை வெளியிட்டார். 1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அம்மையார் தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரையும் அடையாற்றை விட்டு அகலாதவாறு கட்டுப்படுத்தியது. அவருடைய 70-ஆம் பிறந்த நாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய அம்மையார், 1946-இல் ஐரோப்பா திரும்பி, 1947-இல் மீண்டும் இந்தியா வந்து பயிற்சிகள் நடத்தினார். 1952 மே 6-ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

அடையாறு என்றதும் நாம் நினைவுகூர வேண்டிய மற்றொன்றும் உண்டு. அதே அடையாற்றுப் பகுதியில்தான், அந்நாளில் பஞ்சமர் எனப்பட்ட நம் மக்களின் பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் 1894-இல் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆனால் அடையாற்றிலிருந்து பரவிய மாண்டிசோரிக் கல்வி, நாளடைவில் நம் தெருக்களை விட்டு விலகி, கட்டணம் செலுத்த வல்லோரின் தெருக்களிலேயே பெரிதும் நிலைகொண்டது.

இதற்கு மாறாக நின்றோரும் உண்டு. குசராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா 1920-இல் பாலமந்திர் நிறுவினார். வழக்கறிஞராக இருந்த அவர், தம் மகனை எவ்வாறு வளர்ப்பது என்ற கவலையால் மாண்டிசோரி நூல்களைப் படித்து ஆசிரியர் ஆனவர். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோதக் அம்மையார், 1945-இல் போர்டி என்னும் கடற்கரைச் சிற்றூருக்குச் சென்றார். பள்ளிக்குப் பிள்ளைகள் வாராவிடில் பள்ளி பிள்ளைகளிடம் செல்லட்டும் என்று கருதி, ஏழைகள் வாழ்ந்த தெருக்களின் முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார். கிளிஞ்சல், விதை, இலை, குச்சி ஆகியனவே கருவிகள். முற்றத்தில் நடந்த அப்பள்ளிக்கு அவர் இட்ட பெயரே அங்கன்வாடி. பின்னர் அனுதாய் வாக் அம்மையாருடன் கோஸ்பாட் மலைப்பகுதிப் பழங்குடிப் பிள்ளைகளிடையேயும் இப்பணியைத் தொடர்ந்தார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களும் அங்கன்வாடி என்றே வழங்குகின்றன. ஆகவே, நம் தெருவிலுள்ள அங்கன்வாடியைச் சோறு போடும் இடம் என்று மட்டும் எண்ணுதல் தவறு. அதன் பெயருக்குள்ளேயே மாண்டிசோரி வழிவந்த கல்வியின் வரலாறு அடங்கியுள்ளது.

வீட்டில் செய்யத் தக்கவை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. அம்மையாரோ, பிள்ளையை வளைப்பது நம் வேலை அன்று, அது தானே வளர இடையூறின்றி உதவுவதே நம் வேலை என்றார். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிறு சொம்பு ஒன்றைக் கொடுத்துக் குவளையில் தண்ணீர் ஊற்றப் பழக்குங்கள். சிந்தினால் அடியாமல், துணி கொடுத்துத் துடைக்கச் செய்யுங்கள். முறத்தில் துவரையையும் தட்டைப்பயற்றையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தானைத் தானே போடும்வரை காத்திருங்கள். ஈர மணலில் விரலால் எழுத்தைத் தடவி எழுதட்டும். நம் பாட்டனார்க்கு மறுக்கப்பட்ட திண்ணைப் பள்ளியிலும் மணலில்தான் எழுதினர். இன்று அம்மணல் நம் வாசலிலேயே உள்ளது. தடுப்பார் எவரும் இலர்.

இவற்றைச் செய்விக்கத் தாய்க்குப் படிப்பு வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். வயல்வேலை முடித்து வந்த களைப்பில் அது எளிதன்று என்பதை அறிவேன். ஆயினும் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் தந்தையும் தாயும் மாறி மாறிச் செலவிட்டால் போதும். பிள்ளை வளர்ப்பு பெண்களுக்கே உரியது என்று ஆண்கள் ஒதுங்கியிருத்தல் முறையன்று.

வாயிலைத் தாண்டுவோம்

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். தாழ்த்தப்பட்ட பிரிவினரின் பெற்றோர்க்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. பள்ளி நடைபெறும் விதத்தையும் நிதி செலவிடப்படும் விதத்தையும் கண்காணிக்கும் உரிமை அக்குழுவிற்கு உண்டு. சான் லொரன்ஸோத் தாய்மார்க்கு வீட்டு வாடகை தந்த உரிமையை நமக்குச் சட்டமே தந்திருக்கிறது. ஆனால் கூட்டத்திற்கு வாராமல், வீடு தேடி வரும் பதிவேட்டில் கைந்நாட்டு மட்டும் வைத்தனுப்பினால் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

எனவே, இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெரு அங்கன்வாடிக்கு உப்புத்தாள் எழுத்து அட்டைகளைச் செய்து கொடுங்கள். உங்கள் பகுதிப் பெற்றோரை மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கு அழைத்துச் சென்று, தீர்மானங்களைப் படித்துக் காட்டியபின் கையொப்பமிடச் செய்யுங்கள். குழாயில் தண்ணீர் வராவிடில் அதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

என் பள்ளியில் இப்போது மாதம் ஒரு நாள் தாய்மார் வகுப்பறைக்குள் வந்து பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கின்றனர். முதல் மாதம் நால்வரே வந்தனர். வந்தவர்களும் கதவருகில் நின்றனர். நாற்காலி போட்டு அமரச் சொல்லியும் தயங்கினர். இன்று அவர்களே, "இந்தக் கணக்கை ஏன் கொட்டை வைத்துச் சொல்லித் தரவில்லை?" என்று ஆசிரியரைக் கேட்கின்றனர். ஆசிரியரும் விடை சொல்கிறார். ஈரச் சட்டையுடன் பேரனை அழைத்து வந்த அந்தப் பாட்டியும் அவர்களுள் ஒருவர். என் தாய் புளியமரத்தடியில் நின்ற காலம் என்னோடு முடியட்டும். நம் சமுதாயத்தில் இனி எந்தத் தாயும் பள்ளிக்கு வெளியே நிற்றல் வேண்டா.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் பிள்ளைகள்!