கீழே நின்று வாங்கியவர்கள்

கடைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பட்டணத்துக் கண்ணாடிக் கடைகளில் தொடங்குவார்கள். நான் விழுப்புரம் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். எங்க ஆயாவின் முந்தானையில்தான் நான் தொடங்க முடியும்.

ஆயா காலத்தில் கூலி நெல்லாகத்தான் வந்தது. காசைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். மிளகாய், புளி, உப்பு எது வேண்டுமானாலும் முந்தானையில் நெல்லை முடிந்துகொண்டு ஊர்க் கடைக்குப் போகணும். கடை திண்ணை மேலே. நாம நிக்க வேண்டியது கீழே, தெருவில். 'சாமீ' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, ஊர்க்காரர்கள் எல்லாம் வாங்கிப் போகிற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் கடைக்காரர் ஒரு முறத்தைத் தள்ளிவிடுவார். நெல்லை அதில் கொட்டணும். பொட்டலத்தைத் திண்ணை ஓரத்தில் போடுவார், சில நேரம் வீசுவார். முந்தானையை விரித்துப் பிடிக்கணும். தவறி விழுந்த உப்பை மண்ணோடு அள்ளி வந்து, ஆயா தண்ணியில் கரைத்து வடிகட்டிக் குழம்பில் ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதைத் தீட்டு என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள், நம்ம தோழர்களும்கூட. ஆயா அதுக்கு மேல ஒண்ணு சொல்லும்: "கீழ நிக்கறவளுக்குத் தராசு முள்ளு தெரியாதுடா." எங்க நெல்லைக் கூம்பாக அளந்து எடுத்தார்கள். எங்களுக்குக் குடுத்த உப்பைத் தலை தட்டி அளந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று கேட்க முடியாத தூரத்தில் எங்களை நிறுத்தியதில் கடைக்கு நல்ல வரும்படி இருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேரை எரித்த பகையின் அடியில் கிடந்ததும் கூலி நெல்லின் அளவுதானே?

கரும்பு வெட்டிலும் கட்டட வேலையிலும் எங்களுக்குக் காசு வந்தது. 1960-களின் கடைசியில், பள்ளிக்கூடத்துப் பையனாக, பத்து பைசாவோடு நான் அதே கடைக்குப் போனேன். முறம் போயிருந்தது. காசைத் திண்ணையில் வைக்கணும். அவர் தண்ணி தெளித்து எடுத்துக் கல்லாவில் போடுவார். சர்க்கார் அடிச்ச காசுக்கும் தீட்டு! கல்லாவுக்குள்ள விழுந்ததும் தீட்டு எங்கே போச்சோ தெரியாது.

அப்போதே சட்டம் இருந்தது. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதியைக் காட்டிக் கடைக்குள் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதன் மேல் விவாதம் நடந்தபோது, கடை என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார்கள். சேவை தேடி வருகிற எவருக்கும் அதைத் தரத் தயாராக இருக்கிற இடமெல்லாம் கடைதான் என்று அண்ணல் அம்பேத்கர் அதை விரித்துச் சொன்னார். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுட்பமானது. மற்றவர்களுக்கு விற்கிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க மறுத்தால் குற்றம் என்றது. அதே இடம் என்றால் திண்ணை. இது எங்க சேரியில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் யார் போய் எழுதிக் குடுப்பது? எங்க எல்லாருடைய கடன் கணக்கும் அவர் நோட்டில் இருந்தது.

சந்தையில்தான் நாங்கள் நிமிர்ந்து நின்று வாங்கினோம். வாரத்துக்கு ஒரு நாள், ஏழு மைல் நடை. சந்தைக்கு வந்துவிட்டால் ஆயா வேற ஆள். கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துச் 'சொத்தை' என்று தூக்கிப் போடும். கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கும். தராசுக்கு நேரே குந்தி உக்காந்து முள்ளையே பார்க்கும். விக்கிறவனுக்கு அதன் முகம் தெரியாது, சாதி தெரியாது. ஊருக்குள் கடை இருந்தும் உப்புக்கு ஏழு மைல் நடந்த எங்க பொம்பளைங்களை எந்தப் பொருளாதாரப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

டவுனை ரொம்பப் புகழவும் முடியாது. 1978 ஜூலையில் விழுப்புரம் கடைத்தெருவில் கிளம்பிய தகராறு, பெரிய காலனியில் 12 தலித்துகளின் கொலையில் முடிந்தது. அதன் பிறகு ரொம்ப நாள் எங்க ஆட்கள் அந்தப் பக்கமே போகவில்லை. சேரிக்குள்ளேயே ரெண்டு பொட்டிக்கடை முளைத்தது அப்போதுதான். ரேஷன் கடையில் கார்டு நம்பரைக் கூப்பிட்டார்கள். 2011 ஜூன் 1 முதல் அரிசி இலவசமானதும் எங்க பக்கம் கடன் நோட்டு மெலிந்தது. இதெல்லாம் பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி, தலித் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்தார் ஒரு கடைக்காரர். அந்தக் காட்சி செல்போன்களில் பரவிய பிறகுதான் கைது நடந்தது. பரவாத ஊர்கள் எத்தனையோ.

போன வருஷம் அம்மாவை டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். அதுக்கு எண்பத்தஞ்சு வயசு. வாசலிலேயே நின்னுடுச்சு. "நாமளே எடுக்கலாமாடா?" என்றது. எடும்மா என்றேன். உப்புப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எடை போட்டிருக்கு, தராசு எங்க?" என்று கேட்டது. நான் சொன்ன விளக்கம் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்ததும் சேரிக் கடையில் அந்தப் பாக்கெட்டை நிறுத்துப் பார்க்கச் சொன்னது. நிறுத்தோம். சரியாத்தான் இருந்தது.