பின் சீட்டு ஏசியின் கதை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி வரும் பழைய டூரிஸ்ட் வண்டிகளில் அடிக்கடி கேட்கும் வசனம்: "பின்னால ஏசி வராதுங்க, முன்னால மட்டும்தான்." மே மாதத்தில் பின் சீட்டில் உட்கார்ந்து வருபவருக்கு இதன் அர்த்தம் நன்றாகவே புரியும்.

வேடிக்கை என்னவென்றால், கார் ஏசி பிறந்ததே பின்பக்கத்தில்தான். கார் கம்பெனி தானே விற்ற முதல் ஏசி, அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனத்தின் 1940 மாடல் காரில் வந்தது. விலை 274 டாலர். குளிர் தரும் காயில் பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கிப் பக்கம் இருந்தது. கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1941-க்குப் பிறகு அது கைவிடப்பட்டதில் ஆச்சரியமில்லை. 1954-ல் நாஷ் நிறுவனம்தான் மொத்த அமைப்பையும் காரின் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டியது. (அதே 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆண்டு மறக்காமல் இருக்கும்.)

வண்டிகள் நீளமானதும் குளிர் மறுபடி பின்னால் போக வேண்டியிருந்தது. இந்தியாவில் 1994-ல் டாடா சுமோவும் 2000-ல் டொயோட்டா குவாலிஸும் வந்தன. இரட்டை ஏசி வண்டியில் கம்ப்ரஸர் ஒன்றுதான், கண்டன்ஸரும் ஒன்றுதான். கூலிங் காயில் மட்டும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின் காயிலுக்குப் போகும் இரண்டு பைப்புகள் வண்டியின் வயிற்றுக்கு அடியில் நீளமாக ஓடுகின்றன. பெரும்பாலும் அலுமினியம். கிளாம்பு பிடித்திருக்கும் இடத்தில் சேறும் கடல் உப்பும் சேர்ந்து, சில வருடங்களில் ஊசி முனை அளவு ஓட்டை போட்டுவிடும். கேஸோடு ஆயிலும் கசிவதால், அந்த இடத்தில் பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டியிருக்கும். கசிவைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கசிந்தால் "கேஸ் போட்டுக்கலாம்" என்ற பழக்கம் ஆர்-12 காலத்துச் சொத்து. 1928-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கிய இந்த வகை வாயு தீப்பிடிக்காது, மலிவும்கூட. நம் மேட்டூரிலேயே தயாரானது. கசிந்தால் யாருக்கு நஷ்டம்? 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் பதில் சொன்னார்கள்: ஓசோன் படலத்துக்கு. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1992-ல் இந்தியா அதில் சேர்ந்தது, 2010 தொடக்கத்தோடு இங்கே அதன் கதை முடிந்தது. பின்னால் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலுவானது. வாயு மாறியும் பழக்கம் மாறவில்லை.

கணக்குப் பார்த்தாலும் இது தப்பான சிக்கனம். சீசனுக்குச் சீசன் கேஸ் போடும் செலவைக் கூட்டினால் பைப்பின் விலையைத் தாண்டிவிடும். கசிவை அடைக்கும் டப்பா மருந்து அதைவிட மோசம், எக்ஸ்பான்ஷன் வால்வையே அடைத்துவிடலாம். உண்மையில் மலிவான வழிகள் இரண்டு. பின்னால் ஆள் ஏறாத சொந்த வண்டி என்றால், முன்பக்கம் பைப் பிரியும் இடத்திலேயே பின் கிளையின் இரண்டு பைப்புகளையும் மூடிவிடலாம். முன் ஏசி தாராளமாக ஓடும். ஆனால் டூரிஸ்ட் வண்டிக்கு இது பிழைப்பில் கை வைக்கும் வேலை. குடும்பத்தோடு வருபவர்கள் பின் சீட்டையும் சேர்த்துத்தான் வாடகை பேசுகிறார்கள். அவர்களுக்கு ஏற்றது, முழு பைப்பையும் மாற்றாமல் அரித்துப்போன துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அந்த அளவுக்கு ஏசி ஹோஸ் போட்டு, இரு முனையிலும் ஃபிட்டிங் அழுத்தி இணைப்பது. புது ஓ-ரிங் கட்டாயம். பிறகு வாக்குவம் இழுத்து, கொஞ்ச நேரம் நிறுத்தி, முள் நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். மிச்சமிருக்கும் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் பிடித்துக்கொள்ளும் கடையாகப் பார்த்துப் போவது நல்லது.

பின் கிளையை மூடிய வண்டியில் மட்டும் பழைய அளவு கேஸை ஏற்றக் கூடாது. பைப்பும் காயிலும் குறைந்துவிட்டதால் அழுத்தம் கூடி, கம்ப்ரஸர் போய்விடும்.