ஓசூர்: விளிம்பில் ஒரு நடுநகரம்

பெங்களூரில் பதினைந்து வருடங்களாக வாடகை வீட்டில் காலம் தள்ளும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் எங்களிடம் வந்திருந்தார். ஓசூரில் ஒரு மனை வாங்கிக் குடிவந்துவிடலாமா, நடுத்தரமான ஒரு நகரத்தில் வாழ்வதன் லாப நட்டம் என்ன, இங்கேயே கிடக்கும் நீங்கள்தானே சொல்ல வேண்டும் என்றார். வாடகை, பள்ளிக்கூடம், தண்ணீர், பேருந்து என்று விரல் மடக்கி எண்ணிச் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான். எண்ணவும் தொடங்கினோம். ஆனால் லாபம் என்று மடக்கிய விரலையே நட்டத்துக்கும் மடக்க வேண்டி வந்தது. நண்பர் எங்களைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அவருக்காகவும், எங்களுக்கே தெளிவு வேண்டியும், இவ்வூரின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க நேர்ந்தது.

நடுத்தர நகரம் என்றதும் தமிழ் மனத்தில் எழும் சித்திரம் கும்பகோணமோ திண்டுக்கல்லோதான். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சந்தையாகவும் கச்சேரியாகவும் கல்லூரியாகவும் இருந்து, அவற்றின் விளைச்சலைக் கொண்டு மெல்ல மெல்லப் பெருத்த ஊர். ஓசூருக்கும் தேர் உண்டு. சந்திரசூடேசுவரர் மலையடியில் தேர்ப்பேட்டை உண்டு. ஆனால் இந்த ஊர் அந்தத் தேரடியிலிருந்து வளர்ந்ததல்ல. ஏதோவொரு பெரிய அதிகாரத்தின் விளிம்பாக இருந்ததாலேயே ஒவ்வொரு காலத்திலும் இதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. விளிம்பு என்பதை நாங்கள் வசையாகச் சொல்லவில்லை. இவ்வூரின் தொழிலே அதுதான் என்கிறோம்.

பெயரிலேயே அது இருக்கிறது. கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. ஓசூர் என்றால் புதிய ஊர். பழைய பெயர் செவிடபாடி என்று கல்வெட்டுகளைக் கொண்டு சொல்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் தென்கிழக்கு ஓரத்தில் அமர்ந்திருக்கும் நிலம் இது. கிருஷ்ணகிரியிலிருந்து வரும்போது சூளகிரி தாண்டியதும் காற்றில் ஒரு குளிர்ச்சி தட்டும். அந்த இடத்தில் தமிழ்ச் சமவெளி முடிந்துவிட்டது என்று உடம்பே சொல்லும். இந்த மாவட்டம் முழுக்க வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை கவரப்பட்டபோது மீட்கப் போய் மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் அவற்றில் பல. மாடு கவர்வதும் மீட்பதும் எல்லைப்புறத்து வாழ்க்கை. எனவே இந்நிலம் எல்லையானது வெள்ளைக்காரன் வரைபடத்தில்தான் என்று எண்ணிவிட வேண்டாம். (இன்றைய ஆலைகளைப் பார்த்து இரும்புக்கும் இம்மண்ணுக்கும் புது உறவு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி: இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது.)

திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், காரன்வாலிசின் படை ஓசூர்க் கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் பகுதி கம்பெனியின் கைக்குப் போனது; கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அதில் அடக்கம். ரீடும் மன்றோவும் நிலம் அளந்து வரி வகுத்தது அங்கேதான். மலைக்கு மேலிருந்த ஓசூர்ப் பகுதி, திப்பு மாண்ட 1799-க்குப் பிறகே கம்பெனி வசமானது. சேலம் மாவட்டத்தின் ஆவணங்களில் அதற்குப் பாலாகாட் என்று பெயர். கணவாய்க்கு மேலுள்ள நாடு. ஆகக் கிருஷ்ணகிரியும் ஓசூரும் இன்று ஒரே மாவட்டமாக இருந்தாலும் ஏழாண்டு இடைவெளியில் தனித்தனியாகக் கைமாறியவை. இரண்டுக்கும் இடையே இன்றும் ஓடும் மெல்லிய உரசலுக்கு நாங்கள் அதைக் காரணமாகச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குளிர் பிடித்துப்போனது. பிரெட் என்ற சேலம் கலெக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே ஒரு கோட்டை மாளிகையே கட்டினார். அதற்கு இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையின் பெயர். மத்திகிரிப் பக்கம் பரந்த புல்வெளியில் கால்நடைப் பண்ணை அமைந்தது. துரைமாருக்குக் குளிர்ச்சி, மாட்டுக்குப் புல்; ஊர்க்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1878-ல் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த பிள்ளை ஒன்று ஓசூரில் பள்ளி சென்று, கல்லூரிக்குப் பெங்களூர் போய், சட்டத்துக்குச் சென்னை போய், வக்கீல் தொழிலுக்குச் சேலம் போனது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியின் இளமைப் பயணத்தடம் இது. இன்று மூக்கண்டப்பள்ளியில் வளரும் பிள்ளையின் தடமும் ஏறக்குறைய இதுவே என்பதை நண்பர் கவனிக்க வேண்டும்.

* * *

1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் மைசூருக்குப் போனது. தெலுங்கும் கன்னடமும் தமிழளவுக்கு ஒலித்த ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. நின்றதால் என்ன ஆயிற்று? பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர், சென்னைக்கு ஏறத்தாழ முந்நூறு. தலைநகரிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டாத பின்தங்கிய வட்டம். 1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதன் வடமேற்கு மூலை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது அதற்கும் ஒரு மூலை.

இரண்டு ஊருக்கும் ரயில் வந்த கதை சுருக்கமானது, சோகமானது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு சிறு ரயில் பாதை. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று, அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. பின்னர் இரண்டும் மூடப்பட்டன. ஓசூருக்குச் சுதந்திரத்துக்குப் பின் சேலம்–பெங்களூர்ப் பாதை கிடைத்தது. கிருஷ்ணகிரிக்கு இன்று வரை கிடைக்கவில்லை. பெங்களூர், சென்னை, சேலம், புதுச்சேரி, ஆந்திரம் என்று ஐந்து திசைக்கும் நெடுஞ்சாலை பிரியும் ஒரு மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் கிடையாது. மாங்கூழும் கிரானைட்டும் லாரியில்தான் போகின்றன.

ஓசூரின் தலைவிதியை மாற்றியது பின்தங்கிய வட்டம் என்ற அந்த முத்திரையே. 1971-ல் சிப்காட் தொடங்கப்பட்டு, அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்தது. பின்தங்கிய பகுதிக்கான சலுகைகள் தமிழ்நாட்டினுடையவை. விமானமும் பொறியாளர்களும் பெங்களூருடையவை. இந்த இரட்டை வசதி இந்தியாவில் வெகு சில இடங்களுக்கே வாய்த்தது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 வண்டி. பால்காரரையும் பூக்காரரையும் தமிழ்நாடெங்கும் சுமந்த அந்த மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் டைட்டன் கடிகாரம்; டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கியது. பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களைப் பல ஊர்களிலிருந்து தெரிந்தெடுத்துக் கொண்டுவந்து அங்கே கடிகாரத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். இன்று ஓசூரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், திருநெல்வேலி, தஞ்சாவூர், வேலூர் என்று பதில் வருவது இதனால்தான். இங்கே நிறையப் பேருக்கு ஓசூர் சொந்த ஊரல்ல. எங்களில் சிலருக்கும் அல்ல.

2001-ல் 84,000 பேர் இருந்த நகராட்சி, 2019 பிப்ரவரியில் மாநகராட்சியானது. மாநகராட்சி என்ற பலகை வந்துவிட்டதே தவிர, ஊர் இன்னும் நடுநகரம்தான். அதில் எங்களுக்கு மகிழ்ச்சி உண்டு. ஸ்கூட்டரில் அரைமணி நேரத்துக்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம் (ஷிப்ட் முடியும் நேரத்தில் நெடுஞ்சாலைப் பக்கம் போகாதவரை). மே மாதத்திலும் சென்னைக்காரர்கள் நம்பாத ஒரு மாலைக்காற்று உண்டு. பாகலூர்ப் பக்கத்துக் காய்கறி பறித்த அன்றே சந்தைக்கு வரும். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜாவில் தரம் குறைந்தது உள்ளூர்ப் பூக்கடைக்கு வரும்; அதுவே போதும் போல அழகாயிருக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆலையில் தமிழ் என்று ஒரே ஆள் மூன்று நாவோடு நடமாடுவது இங்கே யாருக்கும் அதிசயமல்ல. இந்த வளத்தையும் நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாக 2016-ல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, எல்லையோரத் தெலுங்கு, கன்னடப் பள்ளிப் பிள்ளைகள் விலக்கு கேட்டு நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. தமிழைப் படிக்கத்தான் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. வீட்டுமொழியில் பத்தாண்டுகள் படித்த பிள்ளைக்குத் தேர்வு நெருங்கும்போதும் தெளிவு இல்லாததே தவறு என்பது எங்கள் எண்ணம்.

இலக்கியம் என்று கேட்பீர்கள். 2008-ல் 'தாண்டவராயன் கதை' எழுதிய பா. வெங்கடேசன் இவ்வூர்வாசி. ஆதவன் தீட்சண்யாவும் அப்படியே. பெருநகரத்துக் கூட்டங்களின் இரைச்சல் எட்டாத தூரமும், உலகத்தை அன்றாடம் கண்ணால் பார்க்கும் தொழிற்பேட்டையும் சேர்ந்து எழுதுகிறவனுக்கு ஏதோ தருகிறது என்றே தோன்றுகிறது.

* * *

இனி மடக்கிய விரலை மீண்டும் மடக்க வேண்டும்.

காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, உயிருக்கு அஞ்சி வந்தவர்கள் முதலில் கால் வைத்த தமிழ் மண் ஓசூர். 2016 செப்டம்பர் 12 அன்று அங்கே தமிழகப் பேருந்துகள் எரிந்தன; எல்லையில் போக்குவரத்து நின்றது. அத்திப்பள்ளியில் இறங்கி ஜூஜூவாடி வரை குழந்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர்களை நாங்கள் பார்த்தோம். டி.என். 70 என்று எண்ணிட்ட வண்டியை வைத்திருந்தவர்கள் பல நாள் வெளியே எடுக்கவில்லை. காலையில் அங்கே சம்பளத்துக்குப் போய் இரவில் இங்கே உறங்க வருபவனுக்கு எல்லை என்பது தேர்தல் வரைபடத்துக் கோடு மட்டும்தான், ஏதாவது நடக்கும் வரை. 2020-ல் கொரோனா வந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் தாண்ட முடியாமலானபோது எங்களுக்கு ஜொகூர் பாருத் தமிழர்களின் நினைவு வந்தது. அங்கே வீடு, பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை. 2020 மார்ச்சில் மூடிய தரைவழி முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. எங்களுக்கு அவ்வளவு நீளவில்லை. நோயாளி இருந்த வீடுகளுக்கு அந்தச் சில மாதமே நீளம். ஏனெனில் பெரிய வைத்தியம் என்றால் ஓசூர்க்காரனின் கால் தானாகப் பெங்களூர் நோக்கித்தான் திரும்பும். மாவட்டத்துக்கென்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறந்தது. அதுவும் கிருஷ்ணகிரியில், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

தண்ணீரின் கதை இதைவிட விசித்திரம். பெங்களூர் தன் குடிநீரைக் காவிரியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரம் மேட்டில் ஏற்றிக் கொண்டுவருகிறது. குடித்துக் குளித்துக் கழுவிய நீரில் ஒரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. தென்பெண்ணை ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் அணை திறக்கும்போது வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கித் தரைப்பாலத்தை மூடும். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படமெடுப்பார்கள். எந்தக் காவிரி நீருக்காக எங்கள் பேருந்துகள் எரிந்தனவோ, அதே காவிரி நீர் வேறோர் ஆற்றின் பெயரில், கேட்காமலே எங்கள் வயலுக்கு வந்து சேர்கிறது. அதற்கு எந்த நடுவர் மன்றமும் அளவு குறிக்கவில்லை. நிலத்தடி நீரிலோ புளோரைடு. 2008-ல் அடிக்கல் நாட்டி 2013 மே மாதம் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் குழாயில் நல்ல தண்ணீர் கண்டன. அடிக்கல் நாட்டிய அந்த ஆண்டு எல்லைக்கு அப்பால் அதற்கும் போராட்டம் நடந்தது.

இப்போது அடுத்த அலை. 2021 வாக்கில் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஐபோனுக்குப் பாகம் செய்யும் டாட்டா ஆலை. முன்பு கடிகாரத்துக்குப் பையன்கள் வந்ததுபோல இப்போது கைபேசிக்குப் பெண்கள் வருகிறார்கள். விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய்த் திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் கூட்டமாக நடக்கும் அவர்களின் பேச்சில் தமிழ்நாட்டின் எல்லா வட்டார வழக்கும் கேட்கும். நாலைந்து வடநாட்டு மொழிகளும் கேட்கும். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூர் விமான நிலையத்தோடு மத்திய அரசு செய்த ஒப்பந்தத்தில் 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் போட்டி கூடாது என்றொரு விதி இருக்கிறது. விதி அங்கே இருக்கட்டும்; மனை விலை அறிவிப்பைக் கேட்டதும் ஏறிவிட்டது. 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் இருபது கிலோமீட்டர்தான் என்று தரகர்கள் சொல்கிறார்கள். அந்த இருபது கிலோமீட்டருக்குள் ஒரு மாநில எல்லை இருப்பதை அவர்கள் சொல்வதில்லை.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட நண்பர், சரி, வாங்கலாமா வேண்டாமா என்றார். மனையை இப்போதைக்கு விட்டுவிட்டு, ராமநாயக்கன் ஏரிப் பக்கம் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வாடகை வீடு பார்க்கச் சொன்னோம். வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு வருகிறார். வண்டி எண்ணைக் கர்நாடகத்திலேயே வைத்துக்கொள்ளலாமா, மாற்றிவிடலாமா என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டார். எங்களுக்குள் அதில் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை.