வகையீட்டுக் கணிதமும் ஊவா மலைச்சரிவும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கணிதத்தைச் சமூக வாழ்வுக்கு அப்பாற்பட்ட தூய அறிவாகக் கொள்ளும் போக்கு நமது கல்வி மரபில் ஆழ வேரூன்றியுள்ளது. இலக்கியத்தின் சமூக அடிப்படையை ஏற்கும் ஆய்வாளரும் கணிதம் என்றதும் தயங்குவர். ஆயின் கார்ல் மார்க்ஸ் தமது இறுதி ஆண்டுகளில் வகைநுண்கணிதம் பற்றி விரிவாக எழுதினார் என்பதும், 1881இல் அவ்வெழுத்துக்களை எங்கெல்சின் பார்வைக்கு அளித்தார் என்பதும், அவை 1968இலேயே மொஸ்கோவில் முழுமையாக வெளிவந்தன என்பதும் மனங்கொள்ளத்தக்கவை. பெறுதியின் குறியீடு முதலில் ஒரு செய்முறையின் விளைவாகத் தோன்றிப் பின்னர் செய்யவேண்டியவற்றைச் சுட்டும் கட்டளையாக மாறுவதை அவர் எடுத்துக்காட்டினார். இன்று தன்னியக்க வகையீடு எனப்படும் கணினி முறையில் பெறுதி உண்மையாகவே கட்டளைகளின் தொடராகியுள்ளது. அம்முறையின் வரலாற்றைப் பதுளைத் தோட்டப்புறங்களின் நிலையிலிருந்து நோக்குவதே நமது நோக்கமாகும்.

ஒரு கணியம் மாறுகையில் அதனைச் சார்ந்த மற்றொன்று எவ்வீதத்தில் மாறுகிறது என்பதே பெறுதி. உள்ளீட்டைச் சிறிதளவு மாற்றி விடையின் வேறுபாட்டை அளப்பது பழைய கணினி வழி. உள்ளீடுகள் ஆயிரமாயின் கணக்கை ஆயிரம் தடவைக்குமேல் செய்யவேண்டும், விடையும் அண்ணளவானதே. தன்னியக்க வகையீடு வேறு வழியிற் செல்கிறது. எத்துணைச் சிக்கலான செய்நிரலும் கூட்டல், பெருக்கல் முதலிய எளிய படிகளின் தொடரேயாதலால், படிகளை ஏட்டிற் பதிந்து, சங்கிலி விதியின்படி இறுதி விடையிலிருந்து அவ்வேட்டைப் பின்னோக்கி வாசிக்கலாம். மாத முடிவுத் தொகையிலிருந்து செக்றோலைப் பின்னோக்கிப் புரட்டி, ஒவ்வொரு பெயருக்கும் உரிய பங்கைக் காண்பது போன்றது இது. ஒரே வாசிப்பில் எல்லா உள்ளீடுகளின் பங்கும் தெரியவரும்.

1964இல் வெங்கெர்ட் தன்னியக்கமாகப் பெறுதி காணும் செய்நிரலொன்றை வெளியிட்டார். பின்னோக்கு முறையை 1970இல் பின்லாந்தின் லின்னெய்ன்மா தமது முதுமாணி ஆய்வேட்டில் விளக்கினார். 1986இல் ரூமெல்ஹார்ட், ஹின்ரன், வில்லியம்ஸ் ஆகியோரின் கட்டுரை இதே நெறியை நரம்பு வலைப்பின்னல்களின் பயிற்சிக்குப் பரவலாக்கியது. பல நாட்டவரின் கூட்டுழைப்பில் விளைந்த இவ்வறிவு நெடுங்காலம் பெரிய ஆய்வுகூடங்களுக்குள் நின்றது. 1995இல் இணைய உலாவிக்கென உருவான ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2018இல் கூகுள் நிறுவனம் டென்சர்ஃப்ளோ.ஜேஎஸ் என்னும் நூலகத்தை வெளியிட்டபோது இந்நிலை மாறியது. அதிலுள்ள ‘கிராட்’ என்னும் கட்டளை ஒரு சார்பை ஏற்று, அதன் பெறுதியைத் தரும் மற்றொரு சார்பை வழங்கும். கணிப்பு உலாவிக்குள்ளேயே நிகழ்வதால் தரவுகளை வெளியே அனுப்பவேண்டியதில்லை. பசறையில் கைத்தொலைபேசியுடன் இருக்கும் மாணவிக்கும் இக்கருவி எட்டும்.

இக்கருவியால் அம்மாணவி எதனைக் கணிக்கலாம்? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அவ்விடத்தின் ஆபத்தைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. மழைவீழ்ச்சி, சரிவின் சாய்வு, மண்ணின் ஈரம் ஆகியவற்றிலிருந்து ஆபத்தைக் கணிக்கும் சிறு மாதிரியொன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். கடந்தகாலப் பதிவுகளோடு ஒப்பிட்டு வழுவின் மொத்தத்தைக் கண்டால், ஒவ்வொரு குணகத்தையும் எத்திசையில், எவ்வளவு மாற்றவேண்டும் என்பதைப் பெறுதி காட்டும். சிறுகச் சிறுக மாற்ற வழு குறையும்.

ஆயின் வழு இருவகைப்பட்டது. சரிவு நேராத நாளில் மக்களை வெளியேற்றுவது ஒன்று. நேரும் நாளில் வெளியேற்றாதிருப்பது மற்றொன்று. முன்னதன் இழப்பு ஒரு நாட் கூலி. 2021இல் அது ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பின்னதன் இழப்பு உயிர். முதலாவதினும் இரண்டாவது எத்தனை மடங்கு கனதியானது? அவ்வெண்ணைச் செய்நிரல் எழுதுபவரே முன்கூட்டி இடவேண்டும். எந்த எண்ணை இட்டாலும் நூலகம் அதற்கேற்ற பெறுதியைப் பிழையின்றித் தரும். வகையீடு தன்னியக்கமானது, குறைக்கவேண்டியது எது என்ற தீர்மானம் மனிதருடையது, வர்க்க சமுதாயத்தில் அது அதிகாரமுடையோர் கைக்குச் செல்வது.

ஊவாவின் வரலாறு இதற்குச் சான்று பகரும். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காடுகள் அழிக்கப்பட்டபோது குறைக்கப்பட்டது உற்பத்திச் செலவு. லயங்கள் எங்கு எழவேண்டும் என்பதை அவற்றில் வாழ்ந்தோர் தீர்மானிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வெங்கெர்ட்டின் கட்டுரை வெளிவந்த அதே 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் முடிவை ஒத்திவைத்தது. கணக்கில் எண்களாக இடம்பெற்றோர் கணக்கின் நோக்கத்தை நிர்ணயிப்பதில் இடம்பெறவில்லை.

ஆகவே இக்கருவியை அந்நியமெனத் தள்ளுவதும், அதுவே விடிவு தருமென நம்புவதும் ஒருசேரத் தவறாகும். பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உண்டு. தோட்டப் பாடசாலைகளில் கணிதம் கற்கும் பிள்ளைகள் உளர். இம்முறையைத் தமிழில் எழுதி அவர்களிடம் சேர்ப்பது நமது கடன். எவ்வெச்சரிக்கைக் கணிப்பிலும் அக்கனதியின் எண் வெளிப்படையாக எழுதப்படவேண்டும். லயத்தில் உறங்குவோரும் அவர்தம் தொழிற்சங்கங்களும் அதனை வாசித்து மாற்றும் உரிமை பெறவேண்டும். வெளியேறும் நாளின் கூலி உறுதிசெய்யப்படுமாயின் முதலாவது இழப்பு தொழிலாளியின் தலையில் விழாது. அது பெறுதியால் வரும் மாற்றமன்று; போராட்டத்தால் வரவேண்டியது.