கடாரத்துக் கற்கள்

கடாரம் என்றவுடன், 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழர் நிகழ்த்திய கடற்படையெடுப்பே தமிழர் நினைவில் முந்தி நிற்கிறது. ஆயினும் அந்நாட்டிற்கும் தமிழகத்திற்கும் இடையே நிலவிய உறவு அப்போரினும் பழைமையானது. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களுள் காழகத்துச் செல்வத்தையும் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. காழகம் கடாரமே என்பர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். படையெடுப்பிற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பு, ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசர் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தார்.

அப்பழைய கடாரத்தைக் கண்ணாரக் காணத்தக்க இடம், கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்காகும். 1930-களில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இங்கு அகழ்ந்து, பல கோயில்களின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார். அவற்றுள் பெரிதும் போற்றப்படுவது, மெர்போக் அரும்பொருளகத்தை அடுத்துள்ள புக்கிட் பத்து பஹாட் கோயில். கருவறையும் மண்டபமும் அமைந்திருந்த அதன் கற்றளம் 1960-ஆம் ஆண்டளவில் சீரமைக்கப்பட்டது. மரத்தூண்கள் மறைந்துபோயின, அவற்றைத் தாங்கிய கற்கள் எஞ்சியுள்ளன. அடித்தளத்தினுள் பொன்னும் மணியும் வைக்கப்பெற்ற கற்பேழைகள் கிடைத்தன. திருப்பணியின்போது கருப்பநியாசம் செய்யும் மரபை அறிந்த அன்பர்களுக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது.

எனினும், 2013-ஆம் ஆண்டில் இப்பள்ளத்தாக்கின் சுங்கை பத்துப் பகுதியில் ஒரு பழங்கோயிலின் அடித்தளம் நிலமேம்பாட்டுப் பணிக்காக இடித்தழிக்கப்பட்டது. அழிந்த பின்னரே அதன் அருமையைப் பலர் அறிந்தனர். காண்பாரின்றிக் கிடக்கும் கல்லுக்குக் காப்பாரும் இலர். ஆதலின் திருத்தலப் பயணம் மேற்கொள்ளும் அன்பர்கள் இங்கும் தம் மக்களை அழைத்துச் சென்று காட்டுதல் நன்று.